போன மாதம் நடந்தது ஏன் நினைவில் இல்லை? சின்னச் சின்னத் தருணங்களைப் பிடித்து வைக்க என்ன செய்யலாம்?

கேள்வியின் சாரம் இது: வீடு, அலுவலகம், பஸ், கடை என்று நாள் ஓடிவிடுகிறது. போன மாதம் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் ஒன்றும் தோன்றுவதில்லை. டைரி எழுத ஆரம்பித்தால் பத்து நாளுக்கு மேல் போவதில்லை. போனில் ஆயிரக்கணக்கில் போட்டோ இருக்கிறது, பார்த்தாலும் எதுவும் திரும்பி வருவதில்லை. ஞாபகசக்தி குறைந்துவிட்டதா, இதற்கு வழி உண்டா?

பெரும்பாலும் ஞாபகசக்தியில் குறை இருக்காது. ஒரே மாதிரி நடப்பவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, அவ்வளவுதான். மாரிகோல்ட் லின்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972 முதல் ஆறு ஆண்டுகள் தினமும் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகளைச் சீட்டில் எழுதி வைத்தார். மாதாமாதம் அவற்றில் சிலவற்றை உருவி எடுத்து, ஞாபகம் இருக்கிறதா என்று தன்னையே சோதித்தார். அந்த ஆண்டுகளில் அவர் வெளியூரில் நடக்கும் ஒரு குழுக் கூட்டத்துக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. முதல் தடவை போனது நன்றாக நினைவில் நின்றது. போகப் போக எந்தக் கூட்டத்தில் எது நடந்தது என்று பிரிக்க முடியவில்லை. கூட்டத்துக்குப் போவது எப்படி இருக்கும் என்ற பொதுவான ஞாபகம் மட்டும் வலுத்துக்கொண்டே போனது. தினமும் அதே பஸ், அதே டிபன் பாக்ஸ், அதே கேன்டீன் என்று இருப்பவருக்கும் இதுதான் நடக்கிறது. நடந்தது உள்ளே எங்கோ இருக்கிறது. அதைத் தனியாக உருவி எடுக்க ஒரு பிடி இல்லை. இனி சொல்லப்போவது எல்லாம் அந்தப் பிடியை எப்படி வைப்பது, பிறகு அதைப் பிடித்து எப்படி இழுப்பது என்பதைப் பற்றித்தான்.

எழுதுவதிலிருந்து ஆரம்பிப்போம். அநேகம் பேர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

"இன்று சாயங்காலம் அம்மாவோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மனசுக்கு இதமாக இருந்தது." டைரியில் இப்படி எழுதினால் ஒரு வருடம் கழித்துப் படிக்கும்போது ஒன்றுமே கிளம்பாது. அம்மாவோடு பேசிய எந்தச் சாயங்காலத்துக்கும் இந்த வரி பொருந்தும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"சாய. 6.40, பின்கட்டுப் படி. முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அம்மா: 'ஒரு ஈர்க்கு இருந்தாப் போதும், உங்கப்பா தட்டைத் தள்ளிடுவார்.' கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தம்."

மூன்று வரிதான். இதில் நான்கு சங்கதிகள் இருக்கின்றன. நேரமும் இடமும் முதலாவது. கை செய்துகொண்டிருந்த வேலை இரண்டாவது. காதில் விழுந்த பேச்சு, பேசினவர் சொன்ன அதே சொற்களில், மூன்றாவது. நான்காவது, அன்றைக்கு மட்டும் இருந்த ஏதாவது ஒன்று. இங்கே கரண்ட் போனதும் ஜெனரேட்டரும். நான்கில் எதை விட்டாலும் கடைசியை விடாதீர்கள். மற்ற மூன்றும் வேறு பல நாட்களிலும் இருந்திருக்கும். இந்தச் சாயங்காலத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த ஒன்றுதான்.

இதமாக இருந்தது என்று எழுதவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மற்றவை திரும்பி வந்தால் அந்த இதமும் கூடவே வரும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் கடைசியில் ஒரு சொல் போதும். அகப்பாட்டுக்குத் தொல்காப்பியம் வைக்கும் வரிசையும் ஏறக்குறைய இதுதான்: நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே இருக்கும் மரம், பறவை, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள், உணர்வு உரிப்பொருள். கவிதை இலக்கணத்தை டைரிக்கு இழுப்பது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் இடம், பொழுது, பொருள் ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் உணர்வைத் தனியாக விளக்கத் தேவையில்லை என்பது டைரிக்கும் சரியாகவே பொருந்துகிறது.

பேச்சை அப்படியே எழுதுவதற்கு நம்மிடம் உள்ள பெரிய உதாரணம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது போனது, நடக்கிற அதிசயங்கள், இவற்றை எழுதப்போகிறேன் என்று ஆரம்பத்திலேயே எல்லை வகுத்துக்கொள்கிறார். ஜோசியக் கணிப்பு, தன் பெருமை, மற்றவர்மீது புகார் எல்லாம் அதில் தாராளமாக உண்டு. இன்றைக்கும் நம்மை உட்கார வைத்துப் படிக்கச் செய்வது அவையல்ல, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் இன்னது கேட்டார், நான் இன்னது சொன்னேன் என்று வாய்ப்பேச்சாக எழுதிய பக்கங்கள்தான். கண், காது என்ற அந்த எல்லையை அப்படியே கடன் வாங்கிக்கொள்ளலாம்.

எழுதுவதை அன்று இரவே முடித்துவிட வேண்டும். வாரக் கடைசியில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மனம் இடைவெளிகளைத் தானே நிரப்பிக்கொள்ளும், நிரப்பியது நமக்கே தெரியாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர், அந்தச் செய்தியை எங்கே இருந்தபோது, யார் சொல்லி, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். கால்வாசிப் பேர் முக்கியமான விவரம் அத்தனையையும் தப்பாகச் சொன்னார்கள், அதுவும் பலர் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டியபோதும் அசல் ஞாபகம் திரும்பவில்லை. விண்கலம் வெடித்த நாளுக்கே இந்த நிலை என்றால் கீரை உருவிய சாயங்காலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதிலிருந்து கிடைக்கும் இன்னொரு பாடம்: முதலில் எழுதுங்கள், அப்புறம் மற்றவரிடம் சொல்லுங்கள். சுவையாக ஒரு சம்பவம் நடந்தால் இரண்டு பேரிடம் சொல்வதற்குள் அது கதையாக மெருகேறிவிடும். கேட்பவர் சிரித்த இடம் பெரிதாகும், மற்றதெல்லாம் உதிரும். பிறகு நினைவுக்கு வருவது நாம் சொன்ன கதைதான், நடந்தது அல்ல.

ராத்திரி படுக்கையில் எழுதலாம் என்று வைத்துக்கொண்டால் பாதி நாள் தூங்கிவிடுவோம். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு இதைக் கட்டிவிடுவது நல்லது. போனை சார்ஜ் போடும் இடத்தில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். சார்ஜரைச் செருகியதும் நோட்டைத் திறப்பது. மூன்று வரிக்கு நான்கைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பகலில் ஏதாவது கண்ணில் பட்டால் ஒரே ஒரு சொல்லைப் போனிலோ கையில் இருக்கும் சீட்டின் பின்புறமோ குறித்துக்கொள்ளுங்கள். "ஈர்க்கு" என்று ஒரு சொல் இருந்தால் ராத்திரிக்கு மொத்தமும் வந்துவிடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றே தெரியாது. ஆகவே குறிப்பு அன்றைக்கு மட்டும்தான் செல்லும்.

இனி நோட்டு. நாளுக்கு ஒரு பக்கம் அச்சடித்த டைரியை வாங்க வேண்டாம், யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் மளிகைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் ஒரு பக்கம் நிரப்ப விஷயம் இருக்காது. மூன்று வரி எழுதி மீதி வெற்றாகக் கிடந்தால் குற்ற உணர்ச்சி வரும், நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு வெற்றுப் பக்கம் முறைக்கும், அதோடு டைரி அலமாரிக்குப் போய்விடும். பத்து நாளில் நிற்பதற்கு சோம்பலைவிட இந்த அச்சுப் பக்கம்தான் பெரிய காரணம் என்பேன்.

அதற்குப் பதில் ஐந்து வருட நோட்டு ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். 200 பக்க லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தைக் குறுக்கே ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்து, பாதிக்கு ஒரு தேதி வீதம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எழுதுங்கள். வருடம் எழுத வேண்டாம். பிப்ரவரி 29-ஐ மறந்துவிடாதீர்கள். 366 தேதிக்கு 183 பக்கம் ஆகும், கடைசியில் 17 பக்கம் மிஞ்சும். அது வேறு வேலைக்கு வேண்டும். ஒரு பக்கத்தில் 30 கோடு இருந்தால் ஒரு தேதிக்கு 15 கோடு, ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு மூன்று. கோடு குறைவாக இருந்தால் இரண்டு வரியோடு நிறுத்துங்கள் அல்லது நான்கு வருட நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வருடத்தை இரண்டு இலக்கத்தில் போட்டுவிட்டு எழுதுவது. எந்தத் தேதியிலும் ஆரம்பிக்கலாம், ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த வருடம் அதே பக்கத்துக்கு வரும்போது மேலே போன வருடத்து வரிகள் இருக்கும். அந்தச் சுகம் பிடிபட்டால் பிறகு நோட்டை விட மனம் வராது.

இந்த அற்ப விஷயங்களை யார் படிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். 2014-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். மாணவர்களிடம் அண்மையில் பேசிய பேச்சு, கேட்ட பாட்டு, போய்வந்த விசேஷம் முதலியவற்றை எழுதி வாங்கி, மூன்று மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆவலாக இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து வந்த ஆவல் அவர்கள் மதிப்பிட்டதைவிட அதிகமாக இருந்தது. சாதாரண நாட்களைப் பற்றி எழுதியவற்றில்தான் மதிப்பீடு அதிகமாகத் தவறியது. விசேஷ நாளின் மதிப்பு நமக்கு முன்பே தெரியும், சாதாரண நாளின் மதிப்பு தெரிவதில்லை. எனவே எழுதும்போது இது தேறுமா என்று யோசிக்க வேண்டாம். அந்த யோசனைக்கு நாம் அன்று ராத்திரி தகுதியானவர்கள் அல்ல.

ஒரு நாள் விட்டுப்போனால் அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டு அன்றைய தேதிக்குப் போங்கள். பின்னால் போய் நிரப்புவது ஒரு நாளுக்குமேல் கூடாது. அப்படி நிரப்பினால் ஓரத்தில் ஒரு 'பி' போட்டு வையுங்கள், மறுநாள் எழுதியது என்று தெரிவதற்கு.

அடுத்து கவனிப்பது. எந்நேரமும் விழிப்போடு இரு என்று சொல்வது சுலபம், யாராலும் ஆகாது. கடைக்குப் போன வேலையும் அலுவலக வேலையும் நடக்கவேண்டுமே. ஓர் இடத்திலிருந்தோ ஒரு வேலையிலிருந்தோ விலகும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, யாரிடமாவது விடைபெறும்போது, "இங்கிருந்து ஒன்று" என்று மனதுக்குள் கேட்டு, கண்ணில் பட்டதையோ காதில் விழுந்ததையோ ஒன்றை எடுத்துக்கொள்வது. பத்து விநாடி வேலை. நடந்ததை மனம் இப்படி இடமும் வேலையும் மாறுகிற முனைகளில்தான் துண்டுதுண்டாக வெட்டி வைக்கிறது. கதவைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறோமே, அதுவும் இந்த வெட்டினால்தான் என்கிறார்கள். வெட்டு விழும் முன் ஒன்றை எடுத்துக்கொண்டால் கையில் நிற்கும்.

எதை எடுப்பது? கண்ணைவிடக் காதை நம்புங்கள். கண் எல்லாவற்றையும் பழக்கப்படுத்திக்கொண்டுவிடும், பேச்சு மட்டும் தினம் மாறும். கண்டக்டர் சில்லறைக்குச் சொன்ன பதில், பூக்காரம்மா முழம் போடும்போது எண்ணும் விதம், அலுவலகத்தில் ஒருவர் போனை எடுத்ததும் சொல்லும் முதல் சொல். பார்ப்பதில் எடுக்க வேண்டுமென்றால் கைகளைப் பாருங்கள். ஆளின் முகத்தைப் பார்த்தால் "சோர்வாக இருந்தார்" என்றுதான் எழுதுவீர்கள். கையைப் பார்த்தால் டம்ளரை விளிம்பில் பிடித்திருந்ததையோ ரசீதை எட்டாக மடித்ததையோ எழுதுவீர்கள்.

இன்றைக்கு எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும் ராத்திரிகளுக்கு ஒரு உபாயம் உண்டு. நாளைச் சிறுபொழுது ஆறாக வெட்டிக்கொள்ளுங்கள்: வைகறை 2 முதல் 6 மணி வரை, காலை 6 முதல் 10, நண்பகல் 10 முதல் 2, எற்பாடு 2 முதல் 6, மாலை 6 முதல் 10, அதற்குப் பின் யாமம். ஒவ்வொன்றிலும் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் அல்லது நின்றேன் என்று மட்டும் கேளுங்கள். என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் வராது, எங்கே இருந்தேன் என்றால் உடனே வரும். இடம் வந்தால் பக்கத்தில் இருந்தவர் வருவார், அவர் பேசியது வரும். பெரும்பாலும் எற்பாட்டில்தான் ஏதாவது அகப்படும். மத்தியான மந்தத்தில் ஓடிவிடுவதால் அந்தப் பொழுதை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

போட்டோவுக்கு வருவோம். போட்டோ எடுத்தால் ஞாபகம் குறைகிறதா என்று ஒரு விவாதம் உண்டு, இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்த மாணவர்களிடம் சில பொருட்களைப் போட்டோ எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டபோது, போட்டோ எடுத்த பொருட்களைப் பற்றிய ஞாபகம் குறைவாக இருந்தது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்தக் குறைவு வரவில்லை. 2017-இல் வேறொரு குழு, தாங்களாகவே விரும்பியதை எடுக்கவிட்டுப் பார்த்தது. அவர்களுக்குப் பார்த்தது கூடுதலாக நினைவிருந்தது, காதால் கேட்டது குறைந்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை எளிது. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து எடுப்பதோடு ஒரு துண்டையும் நெருங்கிப்போய் எடுங்கள்: அரிவாள்மணையில் தேங்காய் நார், சைக்கிள் கைப்பிடியில் தொங்கும் பை, பள்ளிக்கூட ஷூவில் ஒட்டிய மண். அன்று ராத்திரியே அதே காட்சியின் மற்ற பன்னிரண்டு படங்களை அழித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுப்பதற்காகப் பார்ப்பதே ஒரு பயிற்சி. அந்த ஒன்றுக்கு கேலரி ஆப்பில் விளக்கம் எழுதும் இடம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், படத்தில் தெரியாததை எழுதுங்கள். "பாப்பா பிறந்தநாள்" என்று எழுதிப் பயனில்லை, கேக்கைப் பார்த்தாலே தெரிகிறது. "மெழுகுவர்த்தி வாங்க மறந்து கடையிலிருந்து தீப்பெட்டியோடு ஓடிவந்தது மாமா" என்றால் உதவும். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவில் எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்திருக்கும், ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரில் ஐஎம்ஜி என்பதை அடுத்து வரும் எட்டு இலக்கம் அது உங்களுக்கு வந்து சேர்ந்த தேதியே தவிர எடுத்த தேதி அல்ல. முக்கியமான படங்களை எடுத்தவரிடமிருந்து டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், போட்டோ அதைத் தின்றுவிடுவதால். யாரையும் பேசச் சொல்லாமல் போனின் ரெக்கார்டரை ஓடவிட்டு அடுப்படி மேடையில் ஒரு நிமிடம் வைத்தால் போதும்: குக்கர் விசில், தாளிப்பு, ரேடியோ, யாரோ யாரையோ கூப்பிடுவது. மாதத்துக்கு ஒன்று வீதம் வருடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணைப் போட்டு இடத்தைச் சேர்த்தால், 2025-08-14 அடுப்படி என்பது போல, தானாகவே தேதி வரிசையில் அமையும். வீடு மாறினாலோ ஒரு குரல் வீட்டில் இல்லாமல் போனாலோ இந்தப் பதிவுகளுக்கு மாற்றே கிடையாது.

எழுதியதைத் திரும்ப எடுக்கும் பயிற்சிதான் ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடும் பகுதி. எழுதி வைத்துவிட்டோம், பத்திரமாக இருக்கிறது என்று மனம் கையைக் கழுவிவிடும். பழைய பதிவுகளைப் புரட்டிப் படிப்பது இனிமையாக இருக்கும், ஞாபகத்துக்கு அவ்வளவாக உதவாது. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், தாளைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறப்பதற்கு முன், போன திங்கள் முதல் நினைவுக்கு வருவதை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். ஏழில் மூன்று வந்தாலே நல்லது. அப்புறம் திறந்து ஒப்பிடுங்கள். வராத நாட்களின் பதிவைப் படிக்கும்போது முதல் வரியோடு நிறுத்தி, மீதியை மூடிக்கொண்டு முயன்று பாருங்கள். எந்தப் பதிவைப் படித்தும் ஒன்றும் வரவில்லையோ அதில் என்ன குறை என்று பார்த்தால் பெரும்பாலும் அந்த நான்காவது சங்கதி விட்டுப்போயிருக்கும். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் எழுதும் விதமே மாறிவிடும்.

மிஞ்சிய 17 பக்கத்துக்கு இப்போது வேலை. நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகனார் ஆறு ஆண்டுகளில் சுமார் 2,400 நிகழ்ச்சிகளை, யார், என்ன, எங்கே, எப்போது என்று நான்காகப் பிரித்து எழுதி வைத்துத் தன்னையே சோதித்தார். என்ன நடந்தது என்ற குறிப்பைக் கொடுத்தால் மற்றவை நன்றாக நினைவுக்கு வந்தன. யார், எங்கே என்பவை அடுத்தபடியாக உதவின. எப்போது என்று தேதியை மட்டும் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. டைரியோ தேதிவாரியாகத்தான் இருக்கிறது! அதனால் கடைசிப் பக்கங்களில் ஆள், இடம், பொருள் வாரியாக ஒரு அகராதி வையுங்கள். "பெரியப்பா: மார்ச் 3/25, ஜூன் 19/25. முருங்கை: ஆக. 14/25. மொட்டைமாடி: ..." இப்படி. தினம் எழுத வேண்டாம், மாதக் கடைசி ஞாயிறு பத்து நிமிடம். ஒருவரைப் பற்றி நினைக்கும்போது அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு நான்கு வருடத்தில் ஏழெட்டு இடங்களுக்குப் போகலாம்.

வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் வேறு எதையும் விட்டுவிட்டு அவர்கள் சொற்களை எழுதுங்கள். மழலையில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லும் குழந்தை ஒரு நாள் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிடும். அதன்பின் பழைய உச்சரிப்பு வீட்டிலேயே யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது, ஆளுக்கொன்று சொல்வார்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, எதைக் குறிக்கிறது என்றும் போடுங்கள். பெரியவர்களிடம் அளவுச் சொற்கள், திட்டும் சொற்கள், கூப்பிடும் விதம். வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி என்றால் ஆச்சி உருட்டிக் காட்டும் உருண்டையை "எலுமிச்சங்காய் அளவு" என்று எழுதுவதோடு, கடைசியில் அதிலிருந்து கிள்ளி எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டதையும் எழுத வேண்டும்.

கெட்டுப்போகும் வழிகள் சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும். நோட்டுக்காகவே தருணங்களைத் தேடிப் போவது ஒன்று; எழுதத் தோதாக ஏதாவது நடக்குமா என்று காத்திருப்பவர் முன்னால் ஒன்றும் நடக்காது. அழகாக எழுத முயல்வது இன்னொன்று. புகார் நோட்டாக மாறுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரே ஆள்மீது மூன்று நாள் தொடர்ந்து கோபமாக எழுதுகிறீர்கள் என்றால் நான்காம் நாள் கண்ணும் காதும் தந்ததை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு வேண்டாம். பிறர் அந்தரங்கமாகச் சொன்னதை நோட்டில் ஏற்றாதீர்கள், வீட்டில் நோட்டு எல்லார் கைக்கும் போகும்.

பேனா, காகிதம் பற்றிச் சுருக்கமாக. சாதாரண பால்பாயின்ட் பேனா போதும், தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாது. மை பேனாவும் சில ஜெல் பேனாக்களும் ஒரு மழை ஒழுகலில் போய்விடும். பஸ்ஸில் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட், ஹோட்டல் பில் எல்லாம் வெப்பத்தால் எழுத்து தோன்றும் காகிதம். சில மாதத்தில் வெளிறி வெற்றுத் தாளாகிவிடும். செல்லோடேப் ஒட்டினாலோ பிளாஸ்டிக் உறையில் போட்டாலோ இன்னும் சீக்கிரம் போகும். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வாங்கிய அன்றே ஊர், கட்டணம், தேதியைப் பின்பக்கம் பேனாவால் எழுதுங்கள். நோட்டுகளைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் கரையான் வரும்.

வெறுமை என்று நீங்கள் சொல்வது வேறு மாதிரி இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தெரிந்த தெருவில் வழி தப்புவது, வேலையில் நேற்று முடிவானது அடியோடு மறப்பது என்றிருந்தால் நோட்டோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கக் குறைவு, பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

கேள்வியில் மிச்சம் இருப்பது ஏற்கெனவே போன வருடங்கள். அவற்றிலும் கொஞ்சம் மீட்கலாம். வாகனார் தனக்கு முழுக்க மறந்துவிட்டதாக முடிவு செய்த சம்பவங்களில் பத்தை எடுத்து, அப்போது உடனிருந்தவர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் சொன்ன ஏதோ ஒரு விவரத்தில் பத்துமே அவருக்குத் திரும்ப வந்தன. ஆகவே போனில் உள்ள பணப் பரிமாற்றப் பட்டியலைத் திறந்து, பழைய ஒரு வருடத்தில் ஒரு மாதத்தை எடுங்கள். டீக்கடைக்கு 40 ரூபாய், மருந்துக்கடைக்கு 212, ஒரு நண்பருக்கு 350 என்று இருக்கும். தேதியைப் பார்க்காமல், கடையையும் ஆளையும் பாருங்கள். 40 ரூபாய் என்றால் நான்கு டீ, நான்கு பேர் யார்? ஒரு பெயர் வந்தால் அவருக்கே போன் செய்து கேளுங்கள். "அன்னைக்கு என்ன நடந்துச்சு" என்று கேட்காமல் "அந்தக் கடையில நாம எங்க உட்காருவோம்" என்று ஆரம்பியுங்கள். கிடைப்பதை அந்தந்தத் தேதியில் எழுதாமல் நோட்டின் கடைசியில் தனியாக, யார் சொன்னது, எந்த நாளில் கேட்டது என்ற குறிப்போடு எழுதுங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.